அத்தியாயம் 7: உருமாறும் ரோபோ

சாதாரண ரோபோ மாடல் ஒன்றைக் கட்டும்போது கண்ணுக்குத் தெரியும் பக்கத்தைச் சுத்தமாக வைத்தாலே போதும். உருமாறும் ரோபோவில் வெளியே தெரியாத பக்கங்களுக்குத்தான் வேலை அதிகம். அவைதான் ஒன்றோடொன்று உரசுகின்றன, மடிகின்றன, ஒன்றுக்குள் ஒன்று நுழைகின்றன. அங்கே அரை மில்லிமீட்டர் பிசிறு மிச்சமிருந்தால் மூட்டு பாதி வழியில் நின்றுவிடும். நின்றதை நாம் அழுத்துவோம், அழுத்தினால் உடையும். ஆகவே இந்த அத்தியாயத்தில் பிசிறுக்கும் மூட்டுக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இங்கே எடுத்துக்கொள்ளும் மாடல், பண்டாய் நிறுவனத்தின் எச்ஜி (ஹை கிரேட்) வரிசையின் எச்ஜியுசி பிரிவில் வந்த 1/144 அளவு ஸீட்டா காண்டம். 1985இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஓடத் தொடங்கிய ‘மொபைல் சூட் ஸீட்டா காண்டம்’ தொடரின் முதன்மை ரோபோ இது. வேவ் ரைடர் என்ற தட்டையான விமானமாக மாறும். கதைப்படி உயரம் 19.85 மீட்டர், 144ஆல் வகுத்தால் 14 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பசை தேவையில்லை, பெயிண்ட் தேவையில்லை. பாகங்கள் வார்ப்பிலேயே நிறத்தோடு வருகின்றன, சொடுக்கிப் பொருத்தினால் நிற்கும். வேறு கிட் வைத்திருந்தாலும் கவலையில்லை. படிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை.

எந்தக் கிட் வாங்கலாம்

உருமாறும் கிட்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் எதையும் கழற்ற வேண்டாம். மடித்துத் திருப்பியே ரோபோவை விமானமாக்கிவிடலாம். இரண்டாவது வகையில் சில பாகங்களைக் கழற்றிவிட்டு, பெட்டியில் தனியாகத் தரப்படும் மாற்றுப் பாகங்களைப் பொருத்த வேண்டும். ஸீட்டாவின் எச்ஜியுசி பதிப்பு இரண்டாவது வகை. பண்டாயின் 1/100 எச்ஜி மேக்ராஸ் வரிசையும் ‘ஷார்ட்கட் சேஞ்ச்’ என்ற பெயரில் இதே முறையைத்தான் பின்பற்றுகிறது.

பாகம் மாற்றுவதை ஏமாற்றுவேலை என்று சிலர் ஒதுக்குகிறார்கள். முதல் உருமாறும் கிட்டுக்கு இதுவே சரியான வகை என்பது என் உறுதியான கருத்து. 2012இல் வந்த ஆர்ஜி (ரியல் கிரேட்) ஸீட்டா அதே 14 சென்டிமீட்டருக்குள் எதையும் கழற்றாமல் முழுதாக உருமாறும். பொறியியலில் அபாரமான வேலை அது. ஆனால் ஒவ்வொரு மூட்டும் ரோபோவையும் தாங்க வேண்டும், விமானமாகவும் மடிய வேண்டும். இந்த இரட்டைச் சுமையில் நாலைந்து முறை மாற்றுவதற்குள்ளாகவே மூட்டுகள் தளர ஆரம்பிக்கும். கை பழகிய பிறகு அதை வாங்குங்கள்.

எச்ஜியுசி ஸீட்டாவில் இரண்டு பதிப்புகள் உண்டு. 2003இல் வந்ததற்கு வரிசை எண் 41. 2017இல் புதிய வார்ப்பில் வந்ததற்கு 203. பெட்டியில் எண்ணைப் பார்த்து 203ஐ வாங்குங்கள். கை கால்கள் அதிகமாக மடங்கும், உருவ அமைப்பும் மேல். பெயரில்லாத போலிக் கிட்களைத் தவிருங்கள். நின்றபடியே இருக்கும் மாடலில் போலியின் குறை அவ்வளவாகத் தெரியாது. உருமாறும் மாடலிலோ முளையும் துளையும் துல்லியமாகச் சேராவிட்டால் எல்லாமே வீண்.

மேஜையும் கருவிகளும்

நல்ல வெளிச்சம் வேண்டும். மேஜையின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் துணியை ஒட்டி, மறுமுனையை மடியில் விரித்துக்கொள்ளுங்கள். தெறிக்கும் பாகங்களில் பெரும்பாலானவை அதில்தான் விழும். ஸ்டிக்கர் ஒட்டும் நேரத்தில் மட்டும் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

தேவைப்படுபவை:

1. பிளாஸ்டிக் மாடலுக்கான நிப்பர். ஒரு பக்கம் தட்டையாக இருக்க வேண்டும்.
2. மெல்லிய அலகுள்ள கட்டர் கத்தி. 30 டிகிரி கூர்முனை உடையது நல்லது.
3. உப்புத்தாள்: 400, 600, 1000 எண்களில்.
4. நுனி கூர்மையான இடுக்கி.
5. பாகம் பிரிக்கும் கருவி. கிடைக்காவிட்டால் தேய்ந்த பிளாஸ்டிக் அட்டை ஒன்று.
6. நாலைந்து சின்னக் கிண்ணங்கள் அல்லது தட்டுகள்.
7. பாதுகாப்புக் கண்ணாடி.

எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும் ஒயர் கட்டர் இதற்கு உதவாது. அதன் அலகு இரண்டு பக்கமும் சரிந்திருப்பதால் பிளாஸ்டிக்கை வெட்டாமல் பிளக்கும். வெட்டிய இடம் வெளுத்துப்போகும். நகவெட்டியும் அப்படித்தான், அதன் வளைந்த வாய் பாகத்தின் உடலையும் சேர்த்துக் கடித்துவிடும். எதற்காவது கொஞ்சம் பணம் கூடுதலாகச் செலவழிக்கலாம் என்றால் நிப்பருக்குச் செலவழியுங்கள். வாங்கிய பிறகு அதைக்கொண்டு கம்பி, ஊக்கு, ஸ்டேப்பிள் பின் எதையும் வெட்டாதீர்கள். ஒரே ஒரு முறை உலோகத்தை வெட்டினாலும் அலகு பல்லுடைந்துவிடும்.

> பாதுகாப்பு: நிப்பரால் வெட்டும்போது துண்டுகள் கண்ணளவு உயரத்துக்குத் தெறிக்கும். வெட்டும் இடத்தின் மேல் இன்னொரு கை விரலைக் குடையாக வையுங்கள், கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். எச்ஜி கிட் 8 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் வெட்டியெறிந்த துண்டுகளையும் பாலிகேப் என்ற சின்ன மூட்டு வளையங்களையும் தரையில் விடவே கூடாது. தொண்டையில் சிக்கும் அளவுதான் அவை.

கையேட்டைப் படிப்பது

கையேடு ஜப்பானிய மொழியில்தான் இருக்கும். படங்களே முக்கியம் என்பதால் மொழி தெரியாமலேயே கட்டலாம். எச்சரிக்கைக் குறிப்புகளைப் படிக்கக் கைப்பேசியின் கேமரா மொழிபெயர்ப்பு போதும். கட்டத் தொடங்கும் முன் இவற்றைப் பழகிக்கொள்ளுங்கள்:

1. பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்துக்கு ரன்னர் என்று பெயர். ஒவ்வொரு ரன்னருக்கும் ஓர் ஆங்கில எழுத்து, ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண். கையேட்டில் எழுத்தும் எண்ணும் சேர்ந்தே வரும்.
2. ரன்னரின் மூலையில் உள்ள பட்டையில் எந்த வகைப் பிளாஸ்டிக் என்று அச்சாகியிருக்கும். பிஎஸ் என்றால் பாலிஸ்டைரீன், பிஇ என்றால் மிருதுவான பாலித்தீன், ஏபிஎஸ் என்றால் அந்தப் பெயரிலேயே புழங்கும் கெட்டிப் பிளாஸ்டிக். எது எந்த ரன்னர் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். பெயிண்ட், பசை என்று வரும்போது அந்தக் குறிப்பு தேவைப்படும்.
3. பெருக்கல் குறியும் 2 என்ற எண்ணும் இருந்தால் அந்தப் படியை இரண்டு முறை செய்ய வேண்டும்.
4. ஆச்சரியக்குறி உள்ள இடத்தில் திசை முக்கியம். அங்கே கையை நிறுத்தி, படத்தோடு பாகத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பொருத்த வேண்டும்.

இன்னொன்று: கையேட்டின் கடைசிப் பக்கங்களில் உள்ள உருமாற்றப் படங்களை முதலிலேயே பார்த்துவிடுங்கள். எந்த மூட்டு எந்தப் பக்கம் மடங்கப்போகிறது, எந்த இரண்டு பரப்புகள் உரசப்போகின்றன என்று தெரிந்தால், வெட்டும்போதே எங்கே கூடுதல் கவனம் வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு குறிப்பைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதையே கடைப்பிடியுங்கள்.

வெட்டுதல்

பாகத்தை ரன்னரோடு இணைக்கும் மெல்லிய காம்புக்குக் கேட் என்று பெயர். அதை இரண்டு தடவையில் வெட்ட வேண்டும்.

1. அந்தப் படிக்குத் தேவையான பாகங்களை மட்டும் வெட்டுங்கள். எல்லாவற்றையும் முதலிலேயே வெட்டிக் குவித்தால் எண் தெரியாமல் போய்விடும். இடது காலும் வலது காலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.
2. முதல் வெட்டு பாகத்திலிருந்து 3, 4 மில்லிமீட்டர் தள்ளி. பாகம் ரன்னரிலிருந்து விடுபட்டு உங்கள் கைக்கு வந்துவிடும்.
3. இரண்டாவது வெட்டுக்கு நிப்பரின் தட்டைப் பக்கத்தைப் பாகத்தின் பக்கம் வைத்து, அரை மில்லிமீட்டர் மிச்சம் விட்டு வெட்டுங்கள்.
4. மிச்சமிருக்கும் குருத்தைக் கட்டரால் மெல்லிய சீவலாக எடுங்கள். ஒரே இழுப்பில் வேண்டாம். இரண்டு மூன்று முறையாக.
5. 400இல் தொடங்கி 600, பிறகு 1000 என்று உப்புத்தாளால் தேய்த்து முடியுங்கள். தாளைச் சின்ன மரத்துண்டில் சுற்றிக்கொண்டால் விளிம்பு மழுங்காது. லேசாகத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது.
6. விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பிசிறு விரலுக்குத் தெரியும்.

ஸீட்டாவின் தலைக் கொம்பு, முதுகிலிருந்து நீளும் வால் ஆகிய பாகங்கள் மெல்லியவை. இவற்றின் கேட்டை நேராக வெட்டினால் ரன்னர் விறைத்துக்கொண்டு பாகத்தை முறிக்கும். முதலில் சுற்றியுள்ள ரன்னரை வெட்டித் துண்டாக்கி விறைப்பைப் போக்குங்கள், அப்புறம் கேட்டுக்கு வாருங்கள்.

வெட்டிய இடத்தில் வெள்ளைத் தழும்பு விழுந்தால் பதறாதீர்கள். பிளாஸ்டிக் இழுபட்டதால் வரும் நிறமாற்றம் அது. விரல் நகத்தால் கொஞ்ச நேரம் அழுத்தித் தேய்த்தால் பெரும்பாலும் மங்கிவிடும். நீலம், சிவப்புப் பாகங்களில் அதிகம் தெரியும் என்பதால் அந்த ரன்னர்களில் மட்டும் இன்னும் நிதானமாகச் சீவுங்கள்.

> பாதுகாப்பு: கட்டரைப் பெருவிரலை நோக்கி இழுக்கும் பழக்கம் வேண்டாம், காய்கறி நறுக்கும் பழக்கத்தில் கை தானாகவே அப்படிப் போகும். அலகு எப்போதும் உங்களிடமிருந்து விலகியே நகரட்டும். மழுங்கிய அலகுதான் கையை அதிகம் வெட்டும், ஏனென்றால் அதை நாம் அதிகமாக அழுத்துகிறோம். ஒடித்த அலகுகளை மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, டப்பா நிறைந்ததும் டேப் சுற்றிக் குப்பைக்கு அனுப்புங்கள்.

எதைத் தேய்க்கலாம், எதைத் தொடக்கூடாது

புதிதாகக் கட்டுபவர்கள் அதிகம் தவறும் இடம் இது. பிசிறை எடுக்க வேண்டும் என்று சொன்னதும் சிலர் மூட்டு முளையையே உப்புத்தாளில் சுற்றித் தேய்த்துவிடுகிறார்கள். முளை துளைக்குள் இறுகிப் பிடிப்பதால்தான் கை தூக்கிய நிலையில் நிற்கிறது. ஒரு முடியளவு தேய்ந்தாலும் அந்தப் பிடி போய்விடும்.

முளையின் உருளைப் பரப்பையும், பந்து மூட்டின் பந்தையும் தொடவே கூடாது. அவற்றின் மேல் கேட் தழும்பு இருந்தால் அந்தப் புள்ளியை மட்டும் கட்டரால் சீவுங்கள். மடிப்பின் உட்புறச் சுவர்கள், சறுக்கிப் போகும் தடங்கள், மடிந்து வந்து இன்னொரு பாகத்தின் மேல் தட்டையாகப் படியும் பரப்புகள் ஆகிய மூன்றையும் நன்றாகத் தேய்த்துச் சமன் செய்யுங்கள். வேவ் ரைடரின் அடிப்பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொடரில் அது தனியாகவே வளிமண்டலத்துக்குள் இறங்கும் வல்லமை கொண்டது. கேடயமும் முதுகிலிருக்கும் ஃப்ளையிங் ஆர்மர் தகடுகளும் சேர்ந்து அந்த வெப்பத்தைத் தாங்கும் தட்டை அடிவயிறாக மாறுகின்றன. தகடுகளின் உட்புறத்தில் குருத்து மிச்சமிருந்தால் அந்த அடிவயிறு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

பொருத்துதல்

கையேடு சொல்லும் வரிசையிலேயே போங்கள். நிதானமாகச் செய்தால் முதல்முறை கட்டுபவருக்கு இரண்டு மாலைப்பொழுது பிடிக்கும். ஒவ்வொரு உறுப்பிலும் கீழ்க்கண்ட ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள்:

1. படியில் காட்டிய எல்லாப் பாகங்களையும் வெட்டிச் சுத்தம் செய்து, படத்தில் உள்ளபடியே மேஜையில் பரப்புங்கள்.
2. பாலிகேப் உண்டா என்று பாருங்கள். சாம்பல் நிறத்தில் மிருதுவாக இருக்கும் சின்ன வளையங்கள் இவை. மூட்டின் உள்ளே உட்காருபவை. சிலவற்றில் ஒரு பக்கக் குழாய் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் இருக்கும். திருப்பி வைத்தாலும் பொருந்துவதுபோலத் தோன்றும். மூடிய பிறகு கால் பாதிதான் மடங்கும்.
3. முளையைத் துளைக்கு நேராகப் பிடித்து, முதலில் கால்பங்கு மட்டும் அழுத்துங்கள்.
4. உள்ளே அசையும் பாகத்தை அசைத்துப் பாருங்கள். முழுத்தூரம் போகிறதா? பாதியில் நிற்கிறதா?
5. சரியாக இருந்தால் இரண்டு பெருவிரலாலும் சமமாக அழுத்தி மூடுங்கள். ‘டக்’ என்ற சத்தம் வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மூடி மறுபக்கம் மயிரிழை திறந்திருந்தால் முளை கோணலாக இறங்கியிருக்கிறது; பிரித்துவிட்டு மறுபடி பொருத்துங்கள்.

நாலாவது படியை யாரும் செய்வதில்லை. அந்த அரை நிமிடச் சோதனையைத் தாண்டிப் போனால், மூடிய காலை மறுபடி திறக்க அரைமணி நேரம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பல்லால் கடித்து அழுத்துவது, இடுக்கியின் பின்புறத்தால் தட்டுவது இரண்டும் வேண்டாம். கைவிரல் பலத்துக்கு மூடாத எச்ஜி பாகம் கிடையாது. மூடவில்லை என்றால் உள்ளே ஏதோ தவறாக இருக்கிறது.

> குறிப்பு: முளையின் நுனியை வெட்டுவதற்கு முன் ஒருமுறை மூடிப் பாருங்கள். மிக இறுக்கமாக இருந்தால் மட்டும் நுனியைச் சாய்வாக ஒரு மில்லிமீட்டர் வெட்டிவிடுங்கள். பின்னால் பிரிப்பது எளிதாகும். கொம்பு, கேடயம்போல அடிக்கடி கையாளும் பாகங்களில் இதைச் செய்யாதீர்கள்.

தவறாக மூடிவிட்டதைத் திறக்க வேண்டி வந்தால், பாகம் பிரிக்கும் கருவியைத் தையலின் ஓரத்தில் நுழைத்து மெதுவாகத் திருகுங்கள். ஓர் இடத்தில் அரை மில்லிமீட்டர் திறந்ததும் அடுத்த ஓரத்துக்குப் போங்கள். ஒரே இடத்தில் நெம்பினால் அந்த விளிம்பு நிரந்தரமாகப் பள்ளமாகும். கட்டர் கத்தியால் நெம்பவே வேண்டாம்: அலகு ஒடிந்து பறக்கும்.

மூட்டுச் சோதனை

உடல், தலை, இரு கைகள், இரு கால்கள், முதுகுப் பகுதி எல்லாம் தனித்தனியாக முடிந்துவிட்டன. இவற்றை இணைக்கும் முன் இடது காலையும் வலது காலையும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒரே அளவு மடியுங்கள். ஒன்று எளிதாகவும் ஒன்று இறுக்கமாகவும் மடங்கினால் இறுக்கமானதில் பிசிறோ திரும்பிய பாலிகேப்போ இருக்கிறது. இணைத்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் இடுப்பின் தளர்வும் அதோடு சேர்ந்துகொள்ளும். கைகளுக்கும் ஃப்ளையிங் ஆர்மர் தகடுகளுக்கும் இதே சோதனை.

ஸ்டிக்கர்

பளபளப்பான தாளில் வரும் ஸ்டிக்கரை விரலால் தொட்டால் ஓரம் தூசி பிடித்துவிடும். இடுக்கியால் எடுத்து, நடுவை முதலில் படியவைத்து, பஞ்சு சுற்றிய குச்சியால் ஓரங்களை நோக்கித் தள்ளுங்கள். கண்ணுக்கான ஸ்டிக்கரைத் தலையை முழுதாக மூடும் முன்பே ஒட்ட வேண்டியிருக்கலாம், கையேட்டைப் பாருங்கள். உருமாற்றத்தின்போது உரசும் பரப்பில் ஸ்டிக்கர் வந்தால், முதலில் ஸ்டிக்கர் இல்லாமல் ஒருமுறை உருமாற்றிப் பார்த்து, உரசல் எங்கே விழுகிறது என்று தெரிந்த பின் ஒட்டுங்கள். அப்படியும் உரசும் என்றால் ஸ்டிக்கரின் விளிம்பை அரை மில்லிமீட்டர் நறுக்கிச் சின்னதாக்கலாம்.

உருமாற்றம்

இப்போது கட்டிய ரோபோ எதிரே நிற்கிறது. உடனே உருமாற்ற ஆசையாக இருக்கும். செய்யலாம், ஆனால் களைத்துப்போன இரவில் வேண்டாம். முளைகள் பெரும்பாலும் முதல் உருமாற்றத்தில்தான் ஒடிகின்றன.

பொதுவிதி ஒன்று: இழுத்த பிறகுதான் திருப்ப வேண்டும். உருமாறும் மூட்டுகள் பலவற்றில் பாகத்தை முதலில் சில மில்லிமீட்டர் வெளியே இழுக்க வேண்டும். அப்போதுதான் பூட்டு விடுபட்டுத் திருப்ப இடம் கிடைக்கும். இழுக்காமல் திருப்பினால் விசை முழுதும் முளையின் அடியில் விழுகிறது. தாழ்ப்பாளை நீக்காமல் கதவைத் தள்ளுவதுபோல. கையேட்டின் அம்புக்குறிகளில் நேர் அம்பு முதலா, வளைந்த அம்பு முதலா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

1. துப்பாக்கி, கேடயம், பிடித்திருக்கும் ஆயுதம் எல்லாவற்றையும் கழற்றி ஒரு தட்டில் வையுங்கள். கொம்பு உடையாமலிருக்கத் தலைப் பகுதியை எப்போதும் கன்னங்களின் பக்கமாகவே பிடியுங்கள்.
2. மாற்ற வேண்டிய பாகங்களை மட்டும் கழற்றுங்கள். அவற்றையும் மாற்றுப் பாகங்களையும் இரண்டு தனித்தனிக் கிண்ணங்களில் வையுங்கள், கலந்தால் குழப்பம்.
3. கால்களை மடியுங்கள். இடது காலில் ஒரு படி, வலது காலில் அதே படி என்று மாறிமாறிப் போங்கள். ஒரு காலை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்கு வந்தால், எங்கே எவ்வளவு மடித்தோம் என்று தெரியாமல் இரண்டும் இரண்டு கோணத்தில் நிற்கும்.
4. கைகளை உள்ளே ஒடுக்குங்கள். தோள் முழுதாக உள்ளே போகாவிட்டால் மேலே வரும் தகடு படியாது. முழங்கை சற்று மடங்கியிருப்பதே பெரும்பாலும் காரணம்; நிமிர்த்துங்கள்.
5. முதுகிலிருக்கும் ஃப்ளையிங் ஆர்மர் தகடுகளை அவற்றின் அடியைப் பிடித்து நகர்த்துங்கள். நுனியைப் பிடித்தால் நெம்புகோல்போல விசை பெருகி மூட்டுக்குப் போகும்.
6. கேடயத்தைக் கடைசியில் பொருத்துங்கள். வேவ் ரைடரின் மூக்காக அமைவது அதுதான். அதற்கு முன் பொருத்திய எல்லாமே நேராக இருந்தால் மட்டுமே கேடயம் இடைவெளியின்றி உட்காரும். உட்காரவில்லை என்றால் கேடயத்தை அழுத்தாதீர்கள். முந்தைய படிகளில் எது விலகியிருக்கிறது என்று தேடுங்கள்.
7. திருப்பிப் பிடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பிறகு மூக்குக்கு நேரே கண்ணை வைத்து, இரண்டு இறக்கைகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஒவ்வொரு படி முடிந்ததும் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். மறுபடி ரோபோவாக்கும்போது அந்தப் படங்களைக் கடைசியிலிருந்து முதலுக்குப் பார்த்துப் போனால் போதும். கையேட்டில் திரும்பும் வழி தனியாக இருக்காது.

சிக்கல் வந்தால்

*மூட்டு தளர்ந்துவிட்டது.* முளையைக் கழற்றி, நிறமில்லாத நெயில் பாலிஷை மிக மெல்லிய ஒரு பூச்சாகத் தடவுங்கள். இரவு முழுக்க உலரவிட்ட பிறகுதான் துளைக்குள் செருக வேண்டும். உலராமல் செருகினால் மூட்டு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். போதவில்லை என்றால் இன்னொரு பூச்சு. மிருதுவான பாலிகேப்பின் மேல் தடவிப் பயனில்லை. பாலித்தீனில் எதுவும் ஒட்டாது. எதிரே உள்ள முளையில்தான் தடவ வேண்டும்.

*மூட்டு இறுகியிருக்கிறது.* முதலில் பிசிறு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பென்சில் முனையைத் தேய்த்துக் கிராஃபைட் தூளை முளையில் லேசாகப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் வேண்டாம். ஏபிஎஸ், பாலிஸ்டைரீன் பாகங்கள் இழுவிசையில் இருக்கும்போது எண்ணெய் பட்டால் நாளடைவில் விரிசல் விடும்.

*முளை ஒடிந்துவிட்டது.* பாலிஸ்டைரீன் என்றால் மாடல் சிமெண்ட் அதை உருக்கி இணைக்கும். ஒரு நாள் தொடாமல் விடுங்கள். ஏபிஎஸ் என்றால் அதற்கென்று விற்கும் சிமெண்ட் வேண்டும். இரண்டிலும் விசை விழும் இடமாக இருந்தால், இரு துண்டிலும் நுண்துளையிட்டு மெல்லிய பித்தளைக் கம்பியை ஊசியாகச் செருகி சூப்பர் க்ளூவால் ஒட்டுவதுதான் நிலைக்கும்.

> பாதுகாப்பு: சூப்பர் க்ளூ பருத்தித் துணியில் அதிகமாகக் கொட்டினால் சூடேறும், கைசுடும் அளவுக்கும் போகும். மடியில் விரித்த துணியின் மேல் அதைக் கையாளாதீர்கள். விரல்கள் ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக உருட்டிப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவிக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

கோடும் மேல்பூச்சும்

தகடுகளின் இடுக்குகளில் சாம்பல் நிறக் கோடு இழுத்தால் உருவம் உயிர்பெறும். மெல்லிய முனைப் பேனா பாதுகாப்பானது. இடுக்கில் தானாக வழிந்தோடும் வகை மை, எனாமல் தின்னர் கலந்தது. பார்க்க அழகு, ஆபத்தும் அதில்தான். பொருத்தி இறுக்கிய ஏபிஎஸ் பாகத்தின் தையலுக்குள் தின்னர் இறங்கினால் மறுநாள் பாகம் தானாகப் பிளந்து கிடக்கும். நீங்கள் முன்பு குறித்து வைத்த ரன்னர் தாளை எடுங்கள். ஏபிஎஸ் பாகங்களுக்குப் பேனா மட்டும்தான்.

மங்கலான மேல்பூச்சு ஸ்ப்ரேயை உருமாறும் மாடலுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. உரசும் பரப்பெல்லாம் நாலே தடவையில் பளபளப்பாகத் தேய்ந்து திட்டுத்திட்டாகும். முளைகளில் படிந்த பூச்சு மூட்டை இறுக்கும். அடித்தே ஆக வேண்டும் என்றால் முளைகளையும் துளைகளையும் டேப்பால் மூடிவிட்டு, ஈரப்பதம் குறைந்த நாளில், மொட்டைமாடியில், முகக்கவசத்தோடு அடியுங்கள். மழைக்கால ஈரத்தில் பூச்சு வெண்புகையாகப் பனித்துவிடும். டப்பாவில் இருப்பது எரியும் வாயு. அடுப்பு, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் அருகில் கூடாது.

வைத்துக்கொள்வது

ரோபோ உருவத்திலேயே நிறுத்தி வையுங்கள். வேவ் ரைடராக மாதக்கணக்கில் விட்டால் மடிந்த மூட்டுகள் விசையிலேயே இருந்து தளரும். சன்னலோர வெயில் வெள்ளைப் பாகங்களை மஞ்சளாக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் மெல்லிய வால் வளைந்துவிடும்.

மிருதுவான பிவிசி விரிப்பின் மேலோ பிவிசி பைக்குள்ளோ மாடலை வைக்காதீர்கள். பள்ளிப் பெட்டிக்குள் அழிரப்பர் பிளாஸ்டிக் ஸ்கேலோடு ஒட்டிக்கொண்டு ஸ்கேலில் பள்ளம் விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே பிளாஸ்டிசைசர்தான் இங்கும் பாலிஸ்டைரீனை இளக்கும். கண்ணாடித் தட்டு, மரப்பலகை இரண்டும் நல்லது.

மாற்றுப் பாகங்கள், கூடுதல் கைகள், மிஞ்சிய பாலிகேப்புகள் ஆகியவற்றை ஜிப் உறையில் போட்டு, உறையின் மேல் கிட்டின் பெயரை எழுதி, கையேட்டோடு பெட்டிக்குள் வையுங்கள். வெட்டிய ரன்னர்களில் நிறத்துக்கு ஒரு துண்டு எடுத்து அதே உறையில் போடுங்கள். பின்னால் ஏதாவது முளை ஒடிந்தால் அதே நிறப் பிளாஸ்டிக் கைவசம் இருக்கும்.